சிறுமதிப்பு நாணயங்களில் பாடமும் தேய்வும்

1. முன்னுரை

கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி ஆகியவற்றை மொழிவரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளும் மரபு தமிழாய்வில் வேரூன்றிய ஒன்றாகும். நாணயங்களும் அவ்வரிசையில் வைத்தே எண்ணப்படுகின்றன. எனினும் பொன், வெள்ளி நாணயங்களுக்குக் கிடைத்த கவனம் காசு, தம்பிடி, காலணா, நயா பைசா போன்ற சிறுமதிப்பு நாணயங்களுக்குக் கிடைக்கவில்லை. பெருமதிப்பு நாணயங்கள் பெட்டியில் உறங்கியவை. சிறுமதிப்பு நாணயங்கள் சந்தையில் உழன்றவை. எழுத்தறிவு பரவாத காலத்தில் பெரும்பாலான மக்களின் கைக்கு நாள்தோறும் வந்து சென்ற எழுத்து இந்தச் சில்லறைகளில் இருந்த எழுத்தேயாகும். அரசு தன் மக்களிடம் எந்த மொழியில், எந்த வரிவடிவில், எத்தகைய தொடரமைப்பில் பேசியது என்பதை அறிய இவை சிறந்த சான்றுகள் ஆகின்றன.

ஆனால் இச்சான்றைப் பயன்படுத்துவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மிகுதியாகப் புழங்கிய காரணத்தாலேயே சிறுமதிப்பு நாணயங்கள் மிகுதியாகத் தேய்ந்துள்ளன. ஒரு நாணயத்தில் ஓர் எழுத்தோ, புள்ளியோ, குறியோ காணப்படாதபோது, அது அச்சிலேயே இல்லாததா, இருந்து தேய்ந்து போனதா என்ற வினா எழுகின்றது. முதலாவது அச்சு வேறுபாடு. இரண்டாவது நாணயத்தின் நிலை. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் நாணயப் பாடத்திலிருந்து எடுக்கப்படும் மொழியியல் முடிவு எதுவும் உறுதியுடையதாகாது. இக்கருத்தை 18ஆம் நூற்றாண்டு முதல் 20ஆம் நூற்றாண்டு வரையிலான நான்கு வகை இந்தியச் சிறுநாணயங்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

2. அச்சும் படியும்

சுவடிப் பதிப்பில் மூலம், படி, பாடவேறுபாடு என்னும் கருத்துகள் அடிப்படையானவை. நாணயவியலில் அவற்றுக்கு இணையானவை அச்சு, நாணயம், அச்சு வேறுபாடு என்பன. ஆயினும் ஒரு முக்கிய வேற்றுமை உண்டு. சுவடியில் ஒரு படியிலிருந்து இன்னொரு படி எடுக்கப்படும். பிழை வழிவழியாகத் தொடரும். நாணயத்தில் ஓர் அச்சிலிருந்தே எல்லாப் படிகளும் நேராகப் பிறக்கின்றன. ஒரு நாணயத்தின் சிதைவு அடுத்த நாணயத்துக்குச் செல்வதில்லை. அச்சின் சிதைவு மட்டுமே அதன் பின்வரும் படிகள் அனைத்திலும் தோன்றும்.

இவ்வேற்றுமை பிரித்தறிதலுக்குத் துணை செய்கின்றது. அச்சில் எழுத்துகள் குழிவாகவும் இடவலம் மாறியும் வெட்டப்பட்டிருக்கும்; நாணயத்தில் அவை மேடாகவும் நேராகவும் எழும். எனவே அச்சில் விரிசல் விழுந்தால் நாணயத்தில் அது மேடான கோடாகத் தெரியும். நாணயம் பின்னர் கீறப்பட்டிருந்தால் அது பள்ளமான கோடாக இருக்கும். மேட்டுக்கோடு அச்சின் வரலாறு. பள்ளக்கோடு அந்த ஒரு நாணயத்தின் வரலாறு. தேய்ந்து மழுங்கிய நாணயங்களில்கூட இவ்வேறுபாட்டைச் சாய்வொளியில் உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணையால் காண இயலும்.

காணப்படாமை என்பதும் ஒரே தன்மையுடையதன்று. அது நான்கு வகைப்படும். ஒன்று, அச்சு வெட்டியவர் அவ்விடத்தில் எதையும் வெட்டாமை. இரண்டு, வெட்டியது நாணய வில்லையின் எல்லைக்கு வெளியே விழுந்தமை. மூன்று, அச்சின் குழியில் எண்ணெயும் உலோகத்தூளும் அடைத்துக்கொண்டமையால் எழுத்து எழாமை. நான்கு, எழுந்த எழுத்து புழக்கத்தில் தேய்ந்தமை. இவற்றை முறையே இன்மை, விடுபாடு, அடைப்பு, தேய்வு எனப் பெயரிடலாம்.

தமிழ் இலக்கண மரபுக்கு இத்தகைய பகுப்பு புதியதன்று. எழுவாய் வேற்றுமைக்கு உருபு இல்லை. அவ்வின்மையே அதற்கு அடையாளமாக அமைகின்றது. வேற்றுமைத்தொகையில் உருபு உண்டு. அது மறைந்து நிற்கின்றது. புணர்ச்சியில் கெடுதல் விகாரம் வேறொன்று. மூன்றிலும் கண்ணுக்குத் தெரிவது ஒரு வெற்றிடமே. இலக்கண ஆசிரியர்கள் அவற்றைத் தனித்தனியே வகுத்தமைக்குக் காரணம், வெற்றிடம் எதனால் ஏற்பட்டது என்பதைப் பொறுத்தே தொடரின் பொருள் அமைகின்றது என்பதாகும். நாணயப் பாடத்துக்கும் இது பொருந்தும்.

3. கையடிக் காசுகளும் விடுபாடும்

எந்திரம் வருவதற்கு முன்னர்த் தென்னிந்தியாவில் காசுகள் சம்மட்டியால் அடிக்கப்பெற்றன. கீழ் அச்சின்மேல் செப்பு வில்லையை வைத்து, அதன்மேல் மேல் அச்சை நிறுத்தி ஓங்கி அடிப்பது முறை. பல இடங்களில் அச்சு வில்லையைவிடப் பெரிதாக இருந்தது. எனவே அச்சில் இருந்த முழுத்தொடரும் ஒரே காசில் பதிவது அரிது. ஒரு காசில் தொடக்கமும், இன்னொன்றில் நடுவும், மற்றொன்றில் இறுதியும் கிடைக்கும். இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தே முழுப்பாடத்தை மீட்க வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் புதுச்சேரியில் வெளியிட்ட ‘டூடூ’ எனப்படும் செப்புக் காசுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவற்றின் ஒருபுறம் பிரெஞ்சு அரச மரபின் அல்லிமலர் உண்டு. மறுபுறம் ‘புதுச்சேரி’ என்னும் ஊர்ப்பெயர் தமிழ் எழுத்தில் உடைத்து அடுக்கப்பட்டுள்ளது. ஐரோப்பிய வணிக ஆட்சி ஒன்று தன் சில்லறையில் தமிழ் வரிவடிவத்தை மட்டுமே எழுத்தாகப் பயன்படுத்தியது என்பது மொழிக்கொள்கை வரலாற்றில் குறிப்பிடத்தக்க செய்தியாகும்.

இக்காசுகளில் வரியொன்று குறைந்து காணப்படுமானால் அதை எழுத்துப்பிழை என்றோ வட்டார வழக்கு என்றோ உடனே கொள்ளலாகாது. முதலில் வில்லையின் விளிம்பை நோக்க வேண்டும். எழுத்து விளிம்பில் துண்டிக்கப்பட்டிருந்தால் அது விடுபாடு. விளிம்புக்கு உள்ளே போதிய இடம் இருந்தும் எழுத்து இல்லையெனில் அது வேறு வகை. மேலும் அக்கால ஓலையிலும் செப்பிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் எழுதுதல் பெருவழக்கு. எனவே 18ஆம் நூற்றாண்டுக் காசில் புள்ளி தெரியாதபோது அது தேய்ந்தது என்று கருதுவதும், வேண்டுமென்றே விடப்பட்டது என்று கருதுவதும் ஒருசேர இயல்பாகத் தோன்றும். அருகிலுள்ள எழுத்துகளின் மெல்லிய கோடுகள் கூர்மை குன்றாமல் இருந்தால் மட்டுமே, புள்ளியின்மை எழுத்துமரபின் சான்றாக ஏற்கத்தக்கது.

4. சென்னை மாகாணத்தின் இருபது காசு

கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தின் புழக்கத்துக்காக 1803ஆம் ஆண்டு பொறித்த செப்பு நாணயங்கள், பர்மிங்காம் நகருக்கு அருகில் மாத்யூ போல்ட்டன் நிறுவிய சோஹோ அக்கசாலையில் நீராவி எந்திரத்தால் அடிக்கப்பட்டன. 20, 10, 5, 1 காசு என்னும் மதிப்புகளில் அவை வெளிவந்தன. அக்காலச் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன்.

20 காசு நாணயத்தின் ஒருபுறத்தில் கம்பெனியின் விருதுச் சின்னமும் இலத்தீன் முழக்கமும் ஆங்கிலப் பெயரும் உள்ளன. மறுபுறத்தில் ரோம எண்ணோடு ஆங்கிலத்தில் மதிப்பும், பாரசீகத்தில் ‘பீஸ்த் காஸ் சஹார் ஃபலூஸ் அஸ்த்’ என்னும் தொடரும் உள்ளன. ‘இருபது காஸ் நான்கு ஃபலூஸ் ஆகும்’ என்பது இதன் பொருள். 10 காசு நாணயத்தில் இதே அமைப்பில் ‘தஹ் காஸ் தோ ஃபலூஸ் அஸ்த்’, அதாவது ‘பத்துக் காஸ் இரண்டு ஃபலூஸ் ஆகும்’ எனப் பொறிக்கப்பட்டுள்ளது.

மொழியியலாளர் இத்தொடரில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, இது பெயர் மட்டுமன்று. பயனிலையோடு கூடிய முழு வாக்கியம். ஓர் அளவையை இன்னோர் அளவையால் வரையறுக்கும் வாக்கியம். பாரசீகத்தில் ‘அஸ்த்’ என்னும் இணைப்பு வினை வெளிப்படையாக வருகின்றது. தமிழில் ‘இருபது காசு நாலு பலூசு’ என்றாலே தொடர் நிறைவுபெறும். இரண்டாவது, தமிழ்க் ‘காசு’ போர்ச்சுக்கீசிய மொழி வழியாக ஆங்கிலத்தில் ‘கேஷ்’ ஆயிற்று. அச்சொல்லே இந்நாணயத்தில் பாரசீக எழுத்தில் ‘காஸ்’ எனவும் ஆங்கிலத்தில் ‘கேஷ்’ எனவும் அடுத்தடுத்து நிற்கின்றது. ஒரே சொல்லின் இரு பயணங்களை ஒரு செப்பு வில்லை காட்டுகின்றது. மூன்றாவது, ‘ஃபலூஸ்’ என்பது அரபியில் ‘ஃபல்ஸ்’ என்பதன் பன்மை. இந்திய நாணய வழக்கில் அது ஓர் அலகின் பெயராக, ஒருமைபோல் எண்ணோடு சேர்ந்து வழங்கியது. மொழிபெயர்ப்பாளர் இதை ‘நான்கு ஃபல்ஸ்கள்’ எனத் திருத்தினால் இந்திய வழக்கை அழித்து அரபு இலக்கணத்தைப் புகுத்தியவர் ஆவார்.

இந்நாணயம் புழங்கிய மண்ணின் மொழிகளான தமிழும் தெலுங்கும் இதில் இடம்பெறவில்லை. ஆனால் 1807–08ஆம் ஆண்டுகளை ஒட்டிச் சென்னை அக்கசாலை எந்திரத்தில் வெளியிட்ட வெள்ளிப் பணங்களிலும் கால் வராகன் முதலியவற்றிலும் ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கும் இடம்பெற்றன. ஒரே ஆட்சி, ஏறத்தாழ ஒரே காலத்தில், அடித்த இடத்துக்கேற்ப மொழித்தேர்வில் மாறுபட்டது என்பது இங்குப் புலனாகின்றது.

தேய்வு இந்நாணயங்களின் எல்லா எழுத்துகளையும் ஒருபோலத் தாக்குவதில்லை. பாரசீக வரிவடிவில் எழுத்துகளை வேறுபடுத்துபவை பெரும்பாலும் புள்ளிகளே. ‘பீஸ்த்’ என்னும் சொல்லில் பே, யே, தே ஆகிய மூன்றெழுத்துகளும் ஒத்த பல் வடிவும் வளைவும் உடையவை. புள்ளிகளின் எண்ணும் இடமுமே அவற்றைப் பிரிக்கின்றன. உடம்புக்கோடு பெரிது, புள்ளி சிறிது. சிறியது விரைவில் தேய்கின்றது. எனவே மிகுதியாகப் புழங்கிய நாணயத்தில் புள்ளியற்ற எலும்புக்கூடு மட்டும் எஞ்சும். அதைக் கொண்டு ‘இந்நாணயத்தில் புள்ளியிடா எழுத்துமுறை பின்பற்றப்பட்டது’ என்று கூறுவது தேய்வை இன்மையாகக் கொள்ளும் பிழையாகும். இலத்தீன் எழுத்துகளுக்கு இந்த இடர் குறைவு. ஆகவே ஒரே நாணயத்தில் ஆங்கிலம் தெளிவாகவும் பாரசீகம் மயங்கியும் காணப்படுவதிலிருந்து, அச்சு வெட்டியவருக்குப் பாரசீகம் தெரியாது என்று முடிவு செய்வதும் பொருந்தாது.

இந்த ஐயத்தைத் தீர்ப்பதற்கு வரலாறு தற்செயலாக ஒரு துணையை அளித்துள்ளது. 1808ஆம் ஆண்டு பொறித்த 10, 20 காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு சென்னை நோக்கிப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்னும் கப்பல், 1809 சனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையை அடுத்த குட்வின் மணல்திட்டுகளில் மோதி மூழ்கியது. 1980களில் அதிலிருந்து நாணயங்கள் பேரளவில் மீட்கப்பட்டன. இவை ஒருநாள்கூடச் சந்தையில் புழங்காதவை. ஆனால் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் கடலில் கிடந்தவை. புழக்கத் தேய்வு மேட்டிலுள்ளதை முதலில் அழிக்கும். உப்புநீர் அரிப்பு மேடு பள்ளம் பாராமல் புரைபுரையாகத் தின்னும். அரிப்புக்குத் தப்பிய கப்பல் நாணயங்களில் புள்ளிகள் உட்பட முழுப்பாடமும் நின்றுள்ளது. தென்னிந்தியச் சந்தையில் தேய்ந்த நாணயத்தை இவற்றோடு ஒப்பிட்டால் தேய்வால் போனது எது, அச்சிலேயே இல்லாதது எது என்பதைத் தெளியலாம். சுவடியாய்வில் இத்தகைய வாய்ப்பு அரிதாகவே கிட்டும்.

5. 1835ஆம் ஆண்டின் ‘பாயீ’

கம்பெனி ஆட்சிப் பகுதிகள் முழுமைக்கும் ஒரே நாணயமுறை 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 4 பைசா அல்லது 12 பை. தமிழ் வழக்கில் பைசா ‘காலணா’ எனவும், பை ‘தம்பிடி’ எனவும் வழங்கின. ரூபாய்க்கு 64 காலணா; 192 தம்பிடி.

அவ்வாண்டின் காலணா நாணயத்தில் ஆங்கிலத்தில் ‘கால் அணா’ என்னும் பொருளுடைய தொடரும், பாரசீகத்தில் ‘யக் பாயீ’ என்பதும் உள்ளன. ‘ஒரு பாயீ’ என்பது அதன் பொருள். அரையணாவில் ‘தோ பாயீ’, அதாவது ‘இரண்டு பாயீ’ என்றுள்ளது. அணாவின் பன்னிரண்டில் ஒரு பங்கான தம்பிடியிலோ ‘சுல்ஸ் பாயீ’ என்றுள்ளது. ‘மூன்றில் ஒரு பாயீ’ என்பது அதன் பொருள். ஆகவே பாரசீகப் பாடத்தில் ‘பாயீ’ என்பது காலணா. ஆங்கிலக் கணக்குப் புத்தகங்களிலோ அதே ஒலியுடைய ‘பை’ என்பது தம்பிடி. அதாவது காலணாவில் மூன்றில் ஒரு பங்கு. ஒரே நாணயமுறைக்குள் ஒரே சொல் இரு மொழிகளில் மூன்று மடங்கு வேறுபட்ட மதிப்புகளைக் குறித்தது.

இவ்வேறுபாட்டை அறியாத மொழிபெயர்ப்பாளர் பாரசீக ஆவணத்திலுள்ள ‘பாயீ’யைத் தமிழில் ‘பை’ என்று ஒலிபெயர்த்து விடுவார்; படிப்பவர் அதைத் தம்பிடி என்று கொள்வார். கூலி, தீர்வை, சந்தை விலை ஆகிய அனைத்தும் உண்மையில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து தோன்றும். இங்கும் நாணயத்தின் நிலை குறுக்கிடுகின்றது. தம்பிடி மிகச் சிறிய நாணயம். ‘சுல்ஸ்’ என்பதன் சிற்றெழுத்துகள் தேய்ந்து, ‘பாயீ’ மட்டும் எஞ்சிய நாணயத்தைப் பார்ப்பவர் ‘தம்பிடியின் பாரசீகப் பெயர் பாயீ’ என்றே குறித்துக்கொள்வார். தேய்வு இவ்விடத்தில் ஓர் எழுத்தை அழித்ததோடு நில்லாமல், பொருந்திவருவதுபோல் தோன்றும் ஒரு தவறான அகராதிப் பொருளையும் பிறப்பித்து விடுகின்றது. ஆங்கிலப் பாடத்தின் பின்னத்தையும் நாணயத்தின் விட்டத்தையும் உடன்வைத்து நோக்கினாலன்றி இப்பிழை வெளிப்படாது.

6. நயா பைசாவும் குறியின்மையும்

இந்திய நாணயத் திருத்தச் சட்டம் 1955இல் நிறைவேறி, 1957 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ரூபாய் நூறு பைசாவாகப் பகுக்கப்பட்டது. 64 கொண்ட பழைய பைசா அப்போதும் புழங்கியதால், வேறுபடுத்தும் பொருட்டு ‘நயா’ என்னும் அடைமொழி சேர்க்கப்பட்டது. 1964 சூன் 1ஆம் நாள் அவ்வடைமொழி நீக்கப்பட்டது.

ஒரு நயா பைசா நாணயத்தில் தேவநாகரி எழுத்தில் ‘ரூபயே கா சௌவாம் பாக்’ என்னும் தொடர் உள்ளது. ‘ரூபாயின் நூறாவது பாகம்’ என்பது பொருள். இரண்டு நயே பைசேயில் ஐம்பதாவது பாகம், ஐந்தில் இருபதாவது பாகம், பத்தில் பத்தாவது பாகம் என்று பொறிக்கப்பட்டன. 1803ஆம் ஆண்டு நாணயத்தைப் போன்றே இங்கும் நாணயம் தன் பெயரைச் சொல்வதோடு தன்னை வரையறுத்துக் கொள்கின்றது. பழைய அளவையிலிருந்து புதிய அளவைக்கு மக்களை அழைத்துச் செல்லும் காலங்களில் நாணயம் இவ்வாறு விளக்கவுரையையும் உடன்சுமக்கின்றது எனலாம். புதிய முறை பழகிய பின்னர், 1960களின் பிற்பகுதியில் இவ்விளக்கம் படிப்படியாக நீங்கியது. பைசா என்னும் பெயர் ஆங்கில எழுத்திலும் சேர்ந்தது.

தேவநாகரி அறியாத பகுதிகளில் மக்கள் நாணயத்தை வடிவத்தாலேயே படித்தனர். ஒன்று வட்டம், இரண்டும் பத்தும் அலைவிளிம்பு உடையவை, அளவில் வேறுபட்டவை, ஐந்து முனை மழுங்கிய சதுரம். எண் மட்டும் பன்னாட்டு வடிவில் இருந்தமையால் எவரும் படிக்க இயன்றது. தமிழ் வழக்கு இப்பெயரை ஏற்றபோது இந்தியின் ஒருமை பன்மைத் திரிபை ஏற்கவில்லை. இந்தியில் ஒரு ‘நயா பைசா’, பத்து ‘நயே பைசே’. தமிழில் பத்தும் ‘நயா பைசா’வே. ‘பத்துக் காசு’ என்பதுபோல் அஃறிணைப் பெயர் பன்மை விகுதியின்றி எண்ணோடு இயைவது தமிழின் இயல்பாதலால், கடன்சொல்லும் அவ்வியல்புக்கு உட்பட்டது. ‘புதிய’ என்னும் பொருளும் கழன்றுபோனது. ‘ஒரு நயா பைசாகூட இல்லை’ என்று இன்றும் கூறுபவர் மிகச் சிறிய தொகையையே கருதுகின்றார், புதுமையைக் கருதுவதில்லை. அரசு ஏழாண்டுகளில் நீக்கிய அடைமொழி மக்கள் வழக்கில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்துள்ளது.

இந்நாணயங்கள் கல்கத்தா, பம்பாய், ஐதராபாத்து ஆகிய அக்கசாலைகளில் அடிக்கப்பட்டன. அடித்த இடத்தை ஆண்டெண்ணுக்குக் கீழுள்ள நுண்குறி காட்டும். பம்பாய்க்குச் சாய்சதுரம், ஐதராபாத்துக்குப் பிளந்த சாய்சதுரமும் புள்ளியுடைய சாய்சதுரமும், பின்னர் ஐம்முனை விண்மீன். கல்கத்தாவுக்குக் குறி இல்லை. குறியின்மையே கல்கத்தாவின் குறி. எழுவாய் வேற்றுமையைப் போல் வெற்றிடமே இங்குப் பொருள் தருகின்றது.

நாணயவியலின் மிக நுண்ணிய இடர் இங்கேதான் உள்ளது. குறி தேய்ந்துபோன பம்பாய் நாணயமும், குறி அடைப்பால் எழாத ஐதராபாத்து நாணயமும் கல்கத்தா நாணயத்தைப் போன்றே தோன்றும். ஒரு தொகுப்பின் பட்டியலில் ‘குறி இல்லை’ என்று எழுதப்படுகின்றது. அதைப் பயன்படுத்தும் மொழிபெயர்ப்பாளர் ‘கல்கத்தா அக்கசாலை’ என்று விளக்கி எழுதுகின்றார். அதைக் காணும் வரலாற்றாளர், ஒரு வட்டாரத்தில் கல்கத்தா நாணயங்களே மிகுதியாகப் புழங்கின என்று முடிவு செய்கின்றார். முதற்படியில் ஒரு சொல்லில் நேர்ந்த கவனக்குறைவு மூன்றாம் படியில் வரலாறாகி விடுகின்றது. தேய்ந்த நாணயங்கள் எவ்வளவு மிகுதியோ, அவ்வளவுக்குக் கல்கத்தாவின் பங்கு பொய்யாகப் பெருகும்.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. குறி இருக்க வேண்டிய இடத்தைப் பார்க்குமுன் அதன் சுற்றுப்புறத்தைப் பார்த்தல் வேண்டும். ஆண்டெண்ணின் இலக்கங்கள் கூர்மையாக இருந்து, அதற்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட பரப்பு தேயாதிருந்தால், குறியின்மை உண்மையான இன்மை ஆகும். இலக்கங்களின் அடிப்பகுதியே மழுங்கியிருந்தால் முடிவு கூறலாகாது. சுற்றுப்பரப்பு மெருகு குலையாதிருக்க, குறியின் இடத்தில் மட்டும் மங்கலான எழுச்சி தென்பட்டால் அடைப்பு என ஐயுறலாம். தமிழில் ‘இல்லை’, ‘தெரியவில்லை’ என இரு எதிர்மறைகள் உள்ளன. முதலது பொருளைப் பற்றிய கூற்று; இரண்டாவது காண்பவரின் அறிவைப் பற்றிய கூற்று. பட்டியலிடுவோர் இவ்விரண்டையும் கலைச்சொற்களாகவே வரையறுத்துக் கையாளுதல் வேண்டும்.

உலோகத்திலும் இதுபோன்ற மயக்கம் உண்டு. ஒரு நயா பைசா 1957 முதல் வெண்கலத்தில் அடிக்கப்பட்டது. 1962இல் நிக்கல் பித்தளைக்கு மாறியது. அவ்வாண்டு பொறித்தவை இரு உலோகத்திலும் உள்ளன. களிம்பேறிக் கறுத்த நாணயத்தில் இந்த வேறுபாடு மறைந்துவிடும். புளியிட்டு விளக்கினால் நிறம் தெரியும். ஆனால் மேற்பரப்பும் அதனோடு சேர்ந்து போகும்; அதன்பின் அந்நாணயத்தின் தேய்வைக் கணிக்க இயலாது. ஒரு சான்றைப் பெறுவதற்காக இன்னொரு சான்றை அழிக்கும் செயல் இது.

7. நிலைகுறிக்கும் சொற்களின் மொழிபெயர்ப்பு

நாணயத்தின் நிலையைக் குறிக்க ஆங்கிலத்தில் நிலைபெற்றுள்ள சொற்கள் தமிழாக்கத்தில் தனிச்சிக்கலைத் தருகின்றன. ‘குட்’ என்பது நாணயவியலில் நல்ல நிலையைக் குறிப்பதன்று. உருவரை மட்டும் எஞ்சிய, மிகவும் தேய்ந்த நிலையைக் குறிக்கும். ‘ஃபைன்’ என்பதும் சிறப்பைக் குறிப்பதன்று. நடுத்தரத் தேய்வையே குறிக்கும். விற்பவர்கள் காலப்போக்கில் புகழ்ச்சிச் சொற்களை மேன்மேலும் உயர்த்திக்கொண்டே சென்றால், பழைய புகழ்ச்சிச் சொற்கள் தரவரிசையில் கீழிறங்குவது இயல்பு. சொற்பொருள் மாற்றத்தில் இழிபொருட்பேறு என்று கூறப்படும் போக்கு இதுவே. ‘குட்’ என்பதை ‘நல்ல நிலை’ எனத் தமிழாக்கிய பட்டியல், தேய்ந்து மறைந்த பாடத்தைத் தெளிவான பாடம் என்று படிப்பவரை நம்பவைக்கும்.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஷெல்டன் 1949இல், அந்நாட்டின் பழைய செப்புச் செண்ட்டுகளுக்காக 1 முதல் 70 வரையிலான எண்முறை ஒன்றை வகுத்தார். சிறுமதிப்பு நாணயங்களுக்கென்று தோன்றிய அம்முறை பின்னர் எல்லா நாணயங்களுக்கும் பரவியது. எனினும் அதன் தோற்றத்தில் சந்தை விலையின் செல்வாக்கு இருந்தது. மொழியாய்வுக்கு வேண்டுவது விலைத்தரம் அன்று. எது படிக்கக்கூடியது என்னும் தரமே.

எனவே தமிழில் புகழ்ச்சிப் பொருளைத் தவிர்த்து, தேய்வின் அளவையே பெயராகக் கொள்வது பொருத்தமாகும். ‘அன்சர்க்குலேட்டட்’ என்பதற்குப் புழங்கா நிலை, ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’ என்பதற்கு நுனித்தேய்வு, ‘வெரி ஃபைன்’ என்பதற்குக் குறைதேய்வு, ‘ஃபைன்’ என்பதற்கு இடைத்தேய்வு, ‘வெரி குட்’ என்பதற்கு மிகுதேய்வு, ‘குட்’ என்பதற்கு உருவரை நிலை என வழங்கலாம். நுனித்தேய்வு என்பது மேடுகளின் உச்சி மட்டும் தேய்ந்த நிலை. உருவரை நிலையில் எழுத்தின் உட்கோடுகள் நீங்கிப் புறவரி மட்டும் நிற்கும். கடைசி இரண்டு நிலைகளிலும் உள்ள நாணயங்களை எழுத்தியல் சான்றாகக் கொள்ளுதல் தவிர்க்கத்தக்கது. அவை எங்கே, எவ்வளவு புழங்கின என்பதற்கான சான்றாகவே பயன்படும்.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவது, நாணயப் பாடத்தை ஆராய்வதில் நிலை முதலாவதாகவும் வேறுபாடு இரண்டாவதாகவும் பொருள் மூன்றாவதாகவும் நோக்கப்பட வேண்டும் என்பதாகும். காணப்படாத ஒன்றை இன்மை, விடுபாடு, அடைப்பு, தேய்வு என்னும் நான்கனுள் எதில் அடக்குவது என்று முடிவு செய்த பின்னரே அதன் மொழியியல் மதிப்பைப் பேச இயலும். எதிலும் அடக்க இயலாதபோது ‘தெரியவில்லை’ என்று பதிவு செய்வதே முறையான பதிவாகும்.

இப்பணிக்குக் காலம் வரம்பற்றதன்று. 25 பைசாவும் அதற்குக் குறைந்த மதிப்புடைய நாணயங்களும் 2011 சூன் 30ஆம் நாளோடு செல்லுபடியாகாமல் போயின. செல்லாக்காசு பழைய உலோகக் கடையில் எடைக்குப் போகின்றது. உருக்கும்போது புழங்கா நிலையில் உள்ளதும் உருவரை நிலையில் உள்ளதும் ஒன்றாகவே உருகுகின்றன. ஒரு நயா பைசா எவ்வளவோ கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டிருந்தாலும், குறியும் எழுத்தும் ஐயமின்றித் தெரியும் நாணயங்கள் அவற்றுள் ஒரு சிறு பகுதியே. பல்கலைக்கழக மொழியியல் துறைகளும் அருங்காட்சியகங்களும் தத்தம் தொகுப்புகளிலுள்ள சிறுநாணயங்களை மேற்கூறிய நான்கு பிரிவுகளின்படி மறுபடியும் பட்டியலிடுமானால், ‘குறி இல்லை’ என்று முன்னர் எழுதப்பட்டவற்றுள் எத்தனை உண்மையில் ‘குறி தெரியவில்லை’ என்பது வெளிப்படும். அத்திருத்தம் முடிந்த பிறகே அந்நாணயங்கள் வழியாக இந்திய அரசுகளின் மொழித்தேர்வு பற்றிக் கூறப்படுபவை உறுதிபெறும்.